ஞௌ டிரைவில் இடம் இருக்கிறது

தமிழ் எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழையும் ஒன்றுவிடாமல் ஒரே வேலைக்குப் பயன்படுத்திய மனிதர் இந்தப் பூமியில் டாஸ் சார் ஒருவர்தான். கவிஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘ஙௌ’ என்ற எழுத்தை நீங்கள் வாழ்நாளில் எதற்காவது உபயோகித்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் எழுதிப் பார்த்ததோடு சரி. டாஸ் சார் அதற்கென்று தனியாக ஓர் அறை கட்டிக்கொடுத்தார். அதுவும் ஒரு ஹார்ட்டிஸ்க்குக்குள்ளே.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலத்தில், அந்த ஏசி அறையில் உட்கார்ந்து, கட்டளையை எழுத்தில் அடித்து ‘எண்டர்’ தட்டினால்தான் அசையும் டாஸைச் சொல்லிக்கொடுத்தவர். பிறகு மவுஸ் வந்தது. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டார். “இது வேணும், அது வேணும்னு கையக் காட்டுறது தவழுற பிள்ளை பண்ற வேலை. மனுசன்னா எழுதிக் கேக்கணும்,” என்பார். அதன்பிறகு ராஜபாளையத்து மில்களில், கடைகளில் மூலையில் கிடக்கும் பழைய மிஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு.

டீக்கடையில் அவர் டீ சொல்லும் அழகைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். “டீ. ஒண்ணு. சக்கரை கம்மி. ஆத்தாம. எண்டர்.” அந்தக் கடைசி ‘எண்டர்’ சொல்லும் வரை மாஸ்டர் பாய்லர் பக்கம் திரும்ப மாட்டார். ஒருநாள் சார் இருமலில் ‘எண்டர்’ சொல்ல மறந்துவிட்டார். மாஸ்டரும் அசையவில்லை, சாரும் அசையவில்லை. நான்தான் போய், “எண்டர்னு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, மனுசர் தொண்டை காயுது,” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் பெயர் செல்வி. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை மல்லிகா அக்காவின் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம். அங்கே இருந்த மிஷின்தான் டாஸ் சாருக்கும் எனக்கும் வந்து வாய்த்த சனி.

பச்சை எழுத்துத் திரை, கர்கர் என்று கத்தும் பிரிண்டர், டாஸில் ஓடும் புரோகிராம். எல்லாம் மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் காலத்துச் சாமான். புரோகிராமை எழுதியதும் அவரே. திரையில் தமிழ் எழுத்து தெரிவதற்கு வழி செய்ததும் அவரே. மற்ற கடைகளில் ஜாதகம் கேட்டால் புத்தகத்தில் உள்ள பலன்தான் வரும். இவர் எழுதிவைத்த பலன் வேறு மாதிரி. ‘பெண்ணுக்குப் பிடிவாதம் உண்டு. மாப்பிள்ளைக்கும் உண்டு. வீட்டில் இரண்டு டிவி வாங்கி வைக்கவும்.’ ‘மாமியாரோடு நன்றாக ஒத்துப்போகும், வேறு வேறு ஊரில் இருந்தால்.’

செவ்வாய் தோஷம் உள்ள ஜாதகம் வந்தால் மட்டும் மிஷின் இப்படி அடிக்கும்: ‘செவ்வாய் இருக்கிறது. பயப்பட வேண்டாம். எனக்கும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மல்லிகாவைக் கேட்டுக்கொள்ளவும்.’

பெண் வீட்டார் காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, “மல்லிகாங்கிறது யாரு?” என்பார்கள். “நாந்தான். நல்லாத்தான் இருக்கேன்,” என்பார் அக்கா. எத்தனை கல்யாணம் இந்த ஒரு வார்த்தையில் முடிந்திருக்கிறதோ, தெரியாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் மிஷின் அதையேதான் அடித்தது. அக்காவும் அதையேதான் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அப்படிப்பட்ட மிஷினின் ஹார்ட்டிஸ்க் ஒருநாள் ‘டக்... டக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. காலையில் கரண்ட் போட்டால் எழுந்திருக்காது. பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டினால் முனகிக்கொண்டு சுற்றும். அக்கா பயந்துபோய் டாஸ் சாரைக் கூப்பிட்டார். சார் வந்து டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

“நாள் நெருங்கிருச்சும்மா. உள்ள இருக்குறத வேற டிஸ்க்குக்கு மாத்திரணும்.”

“மாத்துங்க சார். எது போனாலும் அவிய எழுதினது மட்டும் போயிரக் கூடாது.”

நான் குறுக்கே விழுந்து, என் லேப்டாப்பில் போட்டு ஓட்டலாமே என்றேன். ரெண்டு பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். “பச்சைத் திரையில வந்து, கர்கர்னு பிரிண்ட் அடிச்சாத்தான் செல்வி சனங்க நம்புது,” என்றார் அக்கா. சார் அன்று முழுக்க என் லேப்டாப்புக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.

பழைய டிஸ்க்கில் இருந்தது மொத்தமே இருபது எம்பி. அவ்வளவு சின்ன டிஸ்க் இன்றைக்கு எங்கே கிடைக்கும்? கிருஷ்ணன்கோவில் பக்கம் பழைய கம்ப்யூட்டர்களை எடைக்கு வாங்கும் கடை ஒன்றில் துழாவி, அங்கே இருந்ததிலேயே சின்னதாக ஒன்றைப் பிடித்து வந்தார் சார். எட்டு ஜிபி. சிக்கல் இங்கேதான். அந்தப் பழங்காலத்து டாஸ் முப்பத்திரண்டு எம்பிக்கு மேல் எதையும் ஒரே டிரைவாக ஒப்புக்கொள்ளாது. டிஸ்க்கை முப்பத்திரண்டு எம்பி அறைகளாகத் தடுக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு எழுத்தைப் பெயராக வைக்க வேண்டும். எட்டு ஜிபிக்கு இருநூற்று ஐம்பத்தாறு அறை வரும். இங்கிலீஷில் இருப்பதோ இருபத்தாறு எழுத்து.

மல்லிகா அக்கா சொன்னதுதான் நியாயம். “சார், எனக்கு ஒரு ரூம்பு போதும். அவிய எழுதினது பூரா ஒரு ரூம்புல அடங்கிரும். மிச்சத்த அப்பிடியே விட்டுருங்க.”

சாருக்கு மூக்கு விடைத்துவிட்டது. “ஏம்மா, மாளிகைய வாங்கிட்டு வாசப்படியில மட்டும் படுப்பீகளா?”

“படுத்துக்கிடுதேன் சார். மொதல்ல படுக்க விடுங்க.”

“அதெல்லாம் கெடையாது. முழு டிஸ்க்கும் தெரியணும். ஒரு எம்பி தெரியலன்னாலும் என் பேரு டாஸ் இல்ல. இங்கிலீஷ்காரன்கிட்ட எழுத்து இல்லன்னா நாம என்ன பண்றது? நம்மகிட்ட எம்புட்டு எழுத்து சும்மா கெடக்கு!”

மறுநாளிலிருந்து சார் அக்கா கடையிலேயே குடியிருந்தார். டாஸின் வயிற்றைத் திறந்து உள்ளே போய், ‘இசட்டோடு கதை முடிந்தது’ என்று எவனோ வெள்ளைக்காரன் எழுதிவைத்த இடத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தினார். அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி, ஆய்த எழுத்தையும் விடாமல், க, கா, கி, கீ என்று போய்க்கொண்டே இருந்தார். ஜாதகப் புரோகிராம் ‘சி’ டிரைவைத் தேடும். தமிழிலும்தான் சி இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டார். இருநூற்று நாற்பத்தேழு போக மிச்சம் ஒன்பது. அதில் ஆறு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ வகையறாவுக்குப் போனது. கடைசி மூன்றை, “விருந்தாளி வந்தா வேணும்ல,” என்று பெயர் வைக்காமல் விட்டுவிட்டார்.

இந்தக் கட்டுமானப் பணி நடக்கும்போது வியாபாரம் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு தம்பதி, பிறந்த குழந்தைக்கு எந்த எழுத்தில் பெயர் வைக்கலாம் என்று கேட்க வந்தார்கள். அக்கா உள்ளே போயிருந்த நேரம். திரையில் பெரிதாக ‘ஙௌ’ என்று நின்றது. அந்த அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சாரிடம் கேட்டார்:

“இதா சார் எழுத்து?”

“ஆமாம்மா. அருமையான எழுத்து. புத்தம் புதுசு, ஒருத்தனும் கை வைக்கல,” என்றார் சார், தலையைத் திருப்பாமலே.

அவர்கள் தெருமுனை வரை அழுதுகொண்டே போய்விட்டார்கள். நான் ஓடிப்போய், அது பிள்ளைக்கு இல்லை, டிஸ்க்குக்கு என்று விளக்கிக் கூட்டி வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. திரும்பி வந்து சாரைத் திட்டினேன், வாய் வலிக்கும்வரை திட்டினேன். “செல்வி, உனக்கு ஒரு ரூம்பு தாரேன். ஞௌ எடுத்துக்கோ. யாரும் வந்து பங்கு கேக்க மாட்டாக,” என்றார். இப்படித்தான் எனக்கு ஒரு எழுத்து சொந்தமானது. கோபமாக இருக்கும் ஒருத்தியிடம் ஞௌவை நீட்டினால் அவள் என்ன செய்வாள்? சிரித்துத் தொலைத்தேன்.

கட்டி முடித்தார் மனிதர். எல்லா அறையும் திரையில் வரிசையாக வந்து நின்றன. மறுநாள் காலையில், பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று கரண்ட் போட்டார். பழைய டிஸ்க் சுற்றவில்லை. தட்டினார், தடவினார், “எந்திரி ராசா,” என்று கெஞ்சினார். டக் என்ற சத்தம்கூட இல்லை. மாளிகை தயார், குடிவர வேண்டியவர் கண்ணைத் திறக்கவில்லை. அக்கா பிரிண்டர் மேல் துணியைப் போட்டு மூடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாரை அப்படியே பஸ் ஏற்றிவிடத் தோன்றியது. ஒரு ரூம்பு போதும் என்று அக்கா எத்தனை தடவை கேட்டார்!

“வீட்டுக்குக் கொண்டுபோயி ஒரு கை பாக்கேன்,” என்று டிஸ்க்கைப் பேண்டேஜ் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். மறுநாள் முழுக்க ஆளைக் காணோம். அதற்கடுத்த நாள் காலையில் கையில் பால்கோவா டப்பாவோடு வந்து இறங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தச் சாமானும் பால்கோவா டப்பாவில்தான் பயணம் போகும். டிஸ்க்கைத்தான் அதில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

“சார் இனிப்போட வந்திருக்காக! வேலை முடிஞ்சிருச்சு செல்வி!” என்று டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கித் திறந்தார் அக்கா.

உள்ளே பால்கோவா இருந்தது.

சாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டப்பாவையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்தார். அக்கா காத்திருந்த சனத்துக்கெல்லாம் ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்து, சார் வாயிலும் ஒன்றைத் திணித்து, டீ மாஸ்டருக்கும் எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சார் என் கடைக்குள் வந்தார்.

“செல்வி, டிஸ்க்கு எந்திரிக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன். இப்ப டிஸ்க்கே இல்ல.”

“எங்க சார்?”

“பஸ்ல பக்கத்துல ஒரு அம்மா. அவுக கையிலயும் இதே மாதிரி டப்பா. எடையும் ஒண்ணுபோல. நான் முப்பத்திரண்டு எம்பி கதைய அவுகளுக்கு விளக்கிக்கிட்டே வந்தேனா, கண்டக்டர் விசில் அடிச்சுட்டான்...”

“அந்த அம்மா எந்த ஊரு?”

“அண்ணன் மகனுக்குத் தேவதானத்துல பொண்ணு பாக்கப் போறாகளாம். மத்தவுக வேன்ல வாராக. கோவில் பக்கத்துல மாடி வீடுன்னு சொன்னாக.”

ஸ்கூட்டியை எடுத்தேன். சார் பின்னால் உட்கார்ந்து சேத்தூர் தாண்டும்வரை, “இடது. நேரா. எண்டர்,” என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். தேவதானத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் வேன் நின்றது. உள்ளே போனால் கூடம் நிறைய ஆள். நடுவில் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பூ. அதற்கு நடுவில் எங்கள் ஹார்ட்டிஸ்க், சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பெண்ணின் அப்பா எழுந்து கும்பிட்டார். “வாங்க, வாங்க. நீங்களும் மாப்ள வீட்டாளுகதானா? மாப்ளைக்குச் சென்னையில கம்ப்யூட்டர் வேலைன்னாக. டப்பாவத் தொறந்தா இது இருந்துச்சு. அவுக வழக்கம் இதுதான் போலன்னு பொட்டு வச்சோம்.”

மாப்பிள்ளையின் அத்தை சாரை அடையாளம் கண்டுகொண்டு என் காதைக் கடித்தார். “நான் வாங்குனது பால்கோவாதான். சபையில எப்பிடிச் சொல்லுதது? நான்பாட்டுக்கு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

சார் இதையெல்லாம் கேட்கவில்லை. நேராகப் போய் டிஸ்க்கைத் தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்தார்.

“எம்மா, இது ஏன் இப்பிடி ஜில்லுன்னு இருக்கு? எங்க வச்சிருந்தீக?”

“பிரிட்ஜுலங்க. மேல் பெட்டியில. வெயில் நேரம், கெட்டுப்போயிரக் கூடாதுன்னு,” என்றார் பெண்ணின் அம்மா. “இப்பத்தான் வெளிய எடுத்தோம்.”

சார் அந்தச் சபையில் ஒரு குதி குதித்தார். மாப்பிள்ளை வீட்டார் பயந்து காலை மடக்கிக்கொண்டார்கள். “செல்வி! குளிர்ல வச்சா சில நேரம் இறுகிப்போனது இளகிச் சுத்தும். செத்த நேரம்தான் சுத்தும். சூடாகுறதுக்குள்ள கடைக்குப் போகணும். ஓட்டு!” என்றார். பெண்ணின் அம்மா என்ன ஏது என்று கேட்காமல் ஒரு தூக்குவாளி நிறைய ஐஸ் கட்டி போட்டுக் கொடுத்தார். டிஸ்க்கைப் பாலிதீன் பையில் கட்டி அதற்குள் இறக்கினோம். பால்கோவா என்ன ஆயிற்று என்று அத்தை கேட்டார். “எங்க வயித்துல இருக்கு அத்தை. நாளைக்கு அதுக்கு மேல வாங்கித் தாரேன்,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

கடைக்கு வந்தால் அக்கா எல்லாவற்றையும் எங்கள் முகத்திலேயே படித்துவிட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சார் ஈரத்தைத் துடைத்துவிட்டு டிஸ்க்கை மாட்டினார். சந்தனத்தைத் துடைக்கவில்லை, அது இருக்கட்டும் என்றார். கரண்ட் போட்டார்.

டக் என்றது. பிறகு, தூங்கி எழுந்தவர் கொட்டாவி விடுவது மாதிரி ஒரு சத்தம். சுற்றியது.

“ஓடு ராசா. நிக்காத. அம்புட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போ,” என்று சார் அதன் பக்கத்தில் குனிந்து பேசிக்கொண்டே இருந்தார். திரையில் கோப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாக ‘சி’க்குக் குடிபோயின. டீ மாஸ்டர் கிளாஸோடு வந்து வாசலில் நின்றார். கடைசிக் கோப்பும் போய்ச் சேர்ந்தது. பழைய டிஸ்க் கொஞ்ச நேரம் சும்மா சுற்றிவிட்டு மெதுவாக நின்றது. அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. சார் அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாள் காலையில் முதல் கிராக்கியாக வந்தது அந்தத் தேவதானத்துச் சம்பந்தம்தான். அத்தை தன் மதினியை, மாப்பிள்ளையின் அம்மாவை, கூட்டிக்கொண்டு வந்திருந்தார். “பொண்ணு தங்கமா இருக்கு. ஆனா செவ்வாய் இருக்காம்ல. மதினிக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல,” என்றார்.

அக்கா பிரிண்டர் மேல் கிடந்த துணியை எடுத்தார். நாள், நேரம் எல்லாம் அடித்தார். கர்கர் என்று காகிதம் ஏறியது. மாப்பிள்ளையின் அம்மா அதைக் கிழித்து வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றார்.

“மல்லிகாங்கிறது யாரு?”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாந்தான்.”

“எப்படி இருக்கீக?”

“நல்லாத்தான் இருக்கேன்,” என்றார் அக்கா. இந்தத் தடவை பிரிண்டர் பக்கம் திரும்பவில்லை. டாஸ் சார்தான் திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த கீபோர்டை ரொம்ப நேரம் துடைத்தார்.

அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் மூவருக்கும் பத்திரிகை வந்தது. பந்தியில் சார், “பாயாசம். ஒண்ணு. எண்டர்,” என்று சொல்லி, பரிமாறியவரைக் குழப்பினார்.

போன வருஷம் சாரின் மகள் வந்து அவரை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. போகிற அன்றும் கடைக்கு வந்து, காலியாகக் கிடந்த எல்லா அறைகளுக்குள்ளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டு வந்தார். பூட்டியே கிடந்தால் நன்றாக இருக்காதாம். மல்லிகா அக்கா கொடுத்த பால்கோவா டப்பாவைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டுதான் பஸ் ஏறினார். டீ மாஸ்டர் இன்றைக்கும் யாராவது டீ சொன்னால் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். இந்தக் கட்டுரையை அக்கா கடையில் உட்கார்ந்து எழுதி, என் ஞௌவில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

நேற்றுகூட சார் போன் செய்தார். எடுத்ததும் என் சௌக்கியத்தையா கேட்டார்?

“ஞௌ எப்பிடி இருக்கு செல்வி? இடம் பத்துதா? பத்தலன்னா சொல்லு, பக்கத்து ரூம்பயும் எழுதித் தாரேன்.”

“இடமெல்லாம் நெறைய கெடக்கு சார்,” என்றேன். “நீங்கதான் இல்ல.”